குழந்தைகள் விசாரித்த டாக்டர்

வாரம் ஒருமுறை நாளிதழோடு வரும் இந்த இணைப்பை ஆவலோடு பிரித்துப் படிக்கிறீர்கள் அல்லவா? இதைப் போலவே போலந்து நாட்டின் தலைநகரான வார்சாவில், 1926ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு நாளிதழ் சிறுவர் இணைப்பு ஒன்றைத் தொடங்கியது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். அங்கே குழந்தைகளுக்காகப் பெரியவர்கள் எழுதவில்லை. குழந்தைகளேதான் எழுதினார்கள்! வீட்டில் நடந்தது, பள்ளியில் நடந்தது, மனக்குறை, மகிழ்ச்சி என்று நாடு முழுவதிலுமிருந்து கடிதங்கள் குவிந்தன. அந்த இணைப்பைத் தொடங்கியவர் ஒரு டாக்டர். அவர் பெயர் யானுஷ் கோர்ச்சாக்.

இது அவர் கதை எழுதுவதற்காக வைத்துக்கொண்ட புனைபெயர். பெற்றோர் வைத்த பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மித். அவர் வார்சாவில் பிறந்தது 1878ஆம் ஆண்டிலா, 1879ஆம் ஆண்டிலா என்பது அவருக்கே சரியாகத் தெரியாது. அப்பா பிறப்பைப் பதிவு செய்யாமல் காலம் கடத்திவிட்டார். நம் ஊர்த் தாத்தா பாட்டிகள் பலருக்கும் இதே கதைதானே!

அவருடைய குடும்பம் யூதக் குடும்பம். யூதர்கள் மிகப் பழமையான ஒரு சமயத்தைச் சேர்ந்தவர்கள். கேரளத்தில் கொச்சிக்குப் போனால், 1568இல் கட்டப்பட்ட அவர்களுடைய தொழுகைக் கூடத்தை நீங்கள் பார்க்கலாம். போலந்தில் லட்சக்கணக்கான யூதர்கள் வாழ்ந்தார்கள். அவர்களை வெறுத்தவர்களும் அங்கே நிறைய இருந்தார்கள்.

வழக்கறிஞரான அப்பா மனநோயால் பாதிக்கப்பட்டு, 1896இல் இறந்து போனார். ஹென்ரிக் மற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வீட்டைக் காப்பாற்றினார். பிறகு மருத்துவம் படித்து, குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டரானார். நல்ல பெயர், நல்ல வருமானம் எல்லாம் வந்தன. அதையெல்லாம் விட்டுவிட்டு, 1912இல் பெற்றோரை இழந்த யூதக் குழந்தைகளுக்கான ஓர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஸ்தெஃபானியா என்ற ஆசிரியை அவருக்குத் துணையாக இருந்தார். இல்லத்தில் சுமார் 100 பிள்ளைகள். எல்லாரும் ஏறத்தாழ உங்கள் வயதுதான்.

அந்த இல்லத்தில் நடந்ததைக் கேட்டால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். அங்கே ஒரு நீதிமன்றம் இருந்தது. நீதிபதிகள் ஐந்து பேர், ஐவரும் குழந்தைகள்! அந்த வாரம் யார் மீது வழக்கு இல்லையோ, அவர்களுக்குள் சீட்டுக் குலுக்கிப் போட்டு நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். சட்டப் புத்தகத்தை டாக்டரே எழுதினார். அதில் முதல் 99 பிரிவுகளில் தண்டனையே கிடையாது. தெரியாமல் செய்தான், வருந்துகிறான், இனிமேல் செய்யமாட்டான் என்று ஏதாவது ஒரு காரணத்தால் விட்டுவிடலாம். 100ஆம் பிரிவிலிருந்துதான் கண்டிப்பு தொடங்கும். 1,000ஆம் பிரிவு வந்தால் இல்லத்தை விட்டே வெளியேற வேண்டும்.

பெரியவர்கள் மீதும் அங்கே வழக்குப் போடலாம். டாக்டர் மீதே ஆறு மாதத்தில் ஐந்து வழக்குகள்! ஒரு பையனின் காதில் அடித்தது ஒன்று. ஒரு சிறுமி திருடினாள் என்று சந்தேகப்பட்டது இன்னொன்று. டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. தம் தரப்பை நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் தீர்ப்புக்குக் காத்திருந்தார். அந்த வழக்குகள்தான் தம்மைச் சரியான ஆசிரியராக ஆக்கின என்று பின்னர் எழுதினார்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. செவிலிமேட்டில் நான் ஆசிரியராக இருந்த காலத்தில், அப்பாவின் தறிக்குத் தார் சுற்றிக் கொடுத்துவிட்டுத் தாமதமாக வந்த ஒரு பையனைக் காரணம்கூடக் கேட்காமல் வெளியே நிற்க வைத்திருக்கிறேன். அந்த நீதிமன்றம் இங்கே இருந்திருந்தால் அவன் என் மீது வழக்குப் போட்டிருப்பான். நான் தோற்றிருப்பேன்.

டாக்டரிடம் வேறு வேடிக்கைகளும் உண்டு. விழுந்த பால் பற்களைக் குழந்தைகளிடமிருந்து காசு கொடுத்து வாங்குவார்! சண்டை போடும் பையன், இந்த வாரம் குறைத்துக்கொள்கிறேன் என்று அவரிடம் பந்தயம் கட்டலாம். ஜெயித்தால் மிட்டாய். ஜெயித்தானா இல்லையா என்பதை அவனே சொன்னால் போதும், டாக்டர் நம்புவார். சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வு நாள். அன்று இல்லத்தின் சொந்தச் செய்தித்தாளை எல்லாரும் கூடியிருக்க உரக்கப் படிப்பார்கள். சிறுவன் ஒருவன் அரசனாகும் 'மாச்சூஷ் ராஜா' கதையை எழுதியவரும் இவர்தான். வானொலியில் பெயர் சொல்லாமல், 'கிழட்டு டாக்டர்' என்று மட்டும் சொல்லிக்கொண்டு பேசினார். யூதர் என்பதால் எதிர்ப்பு எழுந்தது. 1936இல் அந்த நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது.

1939 செப்டம்பர் 1ஆம் தேதி ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது. சிறுவர் இணைப்பின் கடைசி இதழ் வந்ததும் அன்றுதான். அடுத்த ஆண்டு, வார்சாவின் யூதர்கள் எல்லாரையும் உயரமான மதிலுக்குள் அடைத்தார்கள். சுமார் 4 லட்சம் பேர் ஒரு சின்ன இடத்தில்! இல்லமும் அங்கே மாற வேண்டியதாயிற்று. போகும் வழியில் குழந்தைகளுக்கான உருளைக்கிழங்கு வண்டியை ஜெர்மானியர் பறித்துக்கொண்டார்கள். அதைத் திருப்பிக் கேட்கப்போன டாக்டரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். வெளியே வந்த பிறகு, அறுபது வயதைத் தாண்டிய அவர், நாள்தோறும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் குழந்தைகளுக்காக உணவு கேட்டார்.

அந்த மதிலுக்குள் 1942 ஜூலை 18ஆம் தேதி குழந்தைகள் ஒரு நாடகம் போட்டார்கள். எந்த நாடகம் தெரியுமா? நம் தாகூரின் 'தபால் நிலையம்'! நோயாளிச் சிறுவன் அமல் வெளியே போகக்கூடாது. சன்னல் ஓரம் உட்கார்ந்து, தெருவில் போகும் தயிர்க்காரரோடு பேசுவான். அரசரின் கடிதம் வருமென்று காத்திருப்பான். வங்காளத்துக் கதை வார்சாவின் குழந்தைகளுக்குப் புரியாமல் போகுமா? அவர்களும் வெளியே போக முடியாதவர்கள்தானே!

மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு காலையில், இல்லத்தின் சுமார் 200 குழந்தைகளையும் ரயில் நிற்கும் இடத்துக்கு வரச் சொன்னார்கள் சிப்பாய்கள். அந்த ரயில் திரெப்ளிங்கா என்ற கொலை முகாமுக்குப் போவது. டாக்டரை மட்டும் தப்ப வைக்க நண்பர்கள் முன்பே பலமுறை வழி செய்திருந்தார்கள். அவர் சம்மதிக்கவே இல்லை. குழந்தைகள் வரிசையாக நடந்தார்கள். டாக்டரும் ஸ்தெஃபானியாவும் கூடவே நடந்தார்கள். யாருமே திரும்பி வரவில்லை.

குழந்தைகளுக்கென்று உரிமைகள் உண்டு, அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று அவர் வாழ்நாள் முழுதும் எழுதினார். 1978இல் அவருடைய போலந்து நாடுதான் குழந்தை உரிமைகளுக்காக ஓர் உலக ஒப்பந்தம் வேண்டும் என்று ஐ.நா. சபையில் முன்மொழிந்தது. 1989இல் அது நிறைவேறியது. 1992இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது.

திரெப்ளிங்காவில் இன்று சுமார் 17,000 கற்கள் நடப்பட்டிருக்கின்றன. பல கற்களில் அங்கே கொல்லப்பட்டவர்களின் ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன. ஒரே ஒரு கல்லில் மட்டும்தான் ஒரு மனிதரின் பெயர் இருக்கிறது. யானுஷ் கோர்ச்சாக்கும் குழந்தைகளும் என்று அதில் பொறித்திருக்கிறார்கள்.