மண்ணுக்குள் தண்ணீர் நடந்த கணக்கு
(ஹென்றி டார்சி – வாழ்க்கைக் குறிப்பு)



சாயில் லேபில் மணலைக் குழாயில் அடைத்து, மேலே தண்ணீர் விட்டு, கீழே ஜாடியில் பிடித்து, ஸ்டாப் வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்போமே, அந்தப் பரிசோதனைக்குச் சொந்தக்காரர் யார் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்? ரெக்கார்டு நோட்டில் டார்சி விதி என்று எழுதி கையெழுத்து வாங்கினால் வேலை முடிந்தது என்றுதான் நானும் இருந்தேன்.

பிரான்ஸ் நாட்டில் டீஜோன் என்று ஒரு ஊர். அங்கே 1803-ம் ஆண்டு ஜூன் 10-ல் பிறந்தவர் ஹென்றி டார்சி. பதினாலு வயதில் அப்பா போய்விட்டார். பையன் படிப்பு நின்றுவிடக் கூடாது என்று அம்மா பிடிவாதமாக இருந்து, உதவித்தொகைக்கு ஏற்பாடு செய்து படிக்க வைத்தார். 1821-ல் பாரிசில் அவர் போய்ச் சேர்ந்த கல்லூரியின் பெயர் என்ன தெரியுமா? எக்கோல் பாலிடெக்னிக்! (நம்ம பாலிடெக்னிக்கை அதோடு ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் பெயரைப் படித்தபோது ஒரு சந்தோஷம் வந்தது, மறைப்பானேன்.) பிறகு பாலம், சாலைப் பொறியியலுக்கான கல்லூரியில் படித்து, அரசுப் பொறியாளராகச் சொந்த ஊருக்கே திரும்பினார்.

அந்தக் காலத்து டீஜோனில் தண்ணீர் பெரும் பாடு. ஊருக்கு நடுவே ஓடிய சூசோன் ஓடை சாக்கடையாகிக் கிடந்தது. கிணறுகளும் கெட்டுப்போயிருந்தன. தண்ணீர் மேலிருந்து கீழே மட்டும் இறங்குவதில்லை, மண்ணுக்குள் பக்கவாட்டிலும் நடக்கும். கழிவுக்குழிக்கும் கிணற்றுக்கும் நடுவில் இருப்பது வெறும் மண்தானே! ஒரு பக்கம் ஊற்றியது இன்னொரு பக்கம் ஊறி வந்துவிடும். 1830 வாக்கில் ஊருக்குள்ளேயே ஆழமாகத் துளை போட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் வந்தது, ஆனால் ஊருக்குப் போதவில்லை.

டார்சி வேறு வழி பார்த்தார். ஊருக்கு வெளியே ரோசுவார் என்ற ஊற்றைத் தேர்ந்தெடுத்தார். 1834-ல் திட்டம் கொடுத்தார். அங்கிருந்து டீஜோன் வரை சுமார் 12.7 கிலோமீட்டர் மூடிய கால்வாய். பம்பு கிடையாது, வாட்டம் மட்டும்தான். 1840 செப்டம்பர் 6-ம் தேதி தண்ணீர் ஊருக்குள் வந்து சேர்ந்தது. அப்புறம் தெருவுக்குத் தெரு, ஏறக்குறைய 100 மீட்டருக்கு ஒரு குழாய் வந்துவிட்டது. இதற்காக அவருக்குச் சேர வேண்டிய கூலி 55,000 பிராங்க் என்கிறார்கள். மனுஷன் அதை வாங்கிக்கொள்ளவில்லை! ஒரு பதக்கமும், ஆயுள் முழுக்க இலவசத் தண்ணீரும் போதும் என்றுவிட்டார். பாரிஸ்-லியோன் ரயில் பாதையில் பிளேசி மலையைக் குடைந்து போகும் 4 கிலோமீட்டர் சுரங்கத்திலும் அவர் உழைப்பு உண்டு.

இவ்வளவு செய்தவரை ஊர் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டாமா? 1848 புரட்சியில் ஆட்சி மாறியது. அரசியல் காரணமாக டீஜோனை விட்டே போகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு இதைப் படித்தபோது மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தான் கொண்டுவந்த தண்ணீர் ஊரெல்லாம் ஓடுது, அவருக்கு மட்டும் அங்கே வேலை இல்லை. அப்புறம் பாரிசில் குடிநீர், சாலைத்துறைப் பொறுப்பு கிடைத்தது. அங்கே குழாய்களில் தண்ணீர் ஓடும்போது ஏற்படும் உராய்வு இழப்பை அளந்தார். ஹைட்ராலிக்சில் நாம் போடும் டார்சி-வைஸ்பாக் சூத்திரத்தில் பாதிப் பெயர் அவருடையது.

உடம்பு ஒத்துழைக்கவில்லை. பொறுப்புகளைக் குறைத்துக்கொண்டு மறுபடி டீஜோன் வந்தார். குடிநீரை மணலில் வடிகட்டினால் எவ்வளவு மணலுக்கு எவ்வளவு தண்ணீர் இறங்கும்? யாரிடமும் சரியான கணக்கு இல்லை. 1855 அக்டோபர் கடைசியில், ஊர் ஆஸ்பத்திரியில் 2.5 மீட்டர் உயரம், 35 செ.மீ. விட்டமுள்ள இரும்புக் குழாயை நிறுத்தி, சோன் ஆற்று மணலை அடைத்தார். ஆஸ்பத்திரியில் யாராவது குழாயைத் திறந்தால் போதும், பாதரச மட்டம் ஆடத் தொடங்கிவிடும்! (நம் லேபில் ரீடிங் ஆடினால் திட்டு வாங்குகிறோம், அவருக்கும் ஆடியிருக்கிறது.) 1856 பிப்ரவரியில் ரிட்டர் என்ற பொறியாளர் தொடர்ந்து அளந்தார். முடிவு இதுதான்: வெளியேறும் தண்ணீர், அழுத்த மட்ட வித்தியாசத்துக்கும் குறுக்குப் பரப்புக்கும் நேர் விகிதம், மணல் அடுக்கின் நீளத்துக்குத் தலைகீழ் விகிதம். மீதியை மணலின் குணம் தீர்மானிக்கும். அந்த ஆண்டே டீஜோன் குடிநீரைப் பற்றி 600 பக்கத்துக்கு மேல் புத்தகம் போட்டார். உலகமே பயன்படுத்தும் இந்த விதி அதில் ஒரு பிற்சேர்க்கையில் உட்கார்ந்திருக்கிறது!

அவர் சோதித்தது மேலிருந்து கீழே இறங்கும் தண்ணீரை. ஆனால் அந்தச் சூத்திரத்துக்குத் திசை ஒரு பொருட்டில்லை, மட்ட வித்தியாசம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் நடக்கும். பாரிசில் அவர் பொறுப்புக்கு அடுத்து வந்த டுப்புயி, 1863-ல் அதையே படுக்கைவாட்டில் போட்டு, சுற்றியுள்ள மண்ணிலிருந்து கிணற்றுக்குத் தண்ணீர் எவ்வளவு ஊறி வரும் என்று கணக்குச் சொன்னார். அணைக்கரைக் கசிவு, எண்ணெய்க் கிணற்றுப் பாறை எல்லாவற்றுக்கும் இன்றைக்கும் அதுதான் அடிப்படை. பாறை எண்ணெயை எவ்வளவு விடும் என்பதை அளக்கும் அலகுக்கே டார்சி என்றுதான் பெயர்.

டார்சி இதையெல்லாம் பார்க்கவில்லை. 1858 ஜனவரி 3-ம் தேதி பாரிசில் நிமோனியா கண்டு இறந்தார். வயது 54. உடலை டீஜோனுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். தண்ணீர்த் தொட்டி இருந்த சதுக்கத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இன்றும் அது டார்சி சதுக்கம்தான்.

– இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவன்