கியோர்கி கப்போன்

கியோர்கி அப்பல்லோனொவிச் கப்போன் (பெப்ரவரி 17, 1870 – ஏப்ரல் 10, 1906) ரஷ்ய மரபுவழித் திருச்சபைப் பாதிரியாரும் தொழிலாளர் தலைவரும் ஆவார். 1905 இல் இவர் நடத்திய அமைதி ஊர்வலத்தை இராணுவம் சுட்டுக் கலைத்தது. முதலாவது ரஷ்யப் புரட்சிக்கு இந்நிகழ்வே தொடக்கமாக அமைந்தது.

இளமை

கப்போன் இன்றைய உக்ரேனின் பொல்தாவா பகுதியில் பிறந்தார். மனைவி இறந்த பின்னர் அன்றைய தலைநகரான சென் பீட்டர்ஸ்பேர்க் சென்று, 1903 இல் இறையியல் கழகத்தில் பட்டம் பெற்றார்.

தொழிலாளர் அவை

அக்காலத்தில் ரஷ்யாவில் தொழிற்சங்கங்கள் தடை செய்யப்பட்டிருந்தன. தொழிலாளர் புரட்சியாளர் பக்கம் சாய்வதைத் தடுக்க, காவல்துறையின் கண்காணிப்பில் சங்கங்கள் அமைக்கும் திட்டத்தை அதிகாரி செர்கே சுபாத்தொவ் முன்பு தொடங்கியிருந்தார். அதே வழியில், 1904 இல் அரசின் அனுமதியுடன் கப்போன் ஆலைத் தொழிலாளர் அவையை நிறுவினார்.

இரத்த ஞாயிறு

1904 இறுதியில் புத்தீலொவ் ஆலையில் அவையின் உறுப்பினர் நால்வர் வேலைநீக்கம் செய்யப்பட்டதை அடுத்து வேலைநிறுத்தம் மூண்டு நகரெங்கும் பரவியது. எட்டு மணி நேர வேலை, பேச்சுரிமை, அரசியல் நிர்ணய சபை முதலியவற்றைக் கோரும் மனுவை ஜார் மன்னர் இரண்டாம் நிக்கலாசிடம் கையளிக்கக் கப்போன் முடிவு செய்தார். இதனை அரசுக்கு முன்கூட்டியே அறிவித்திருந்தார்.

ஜனவரி 22, 1905 (பழைய நாட்காட்டியில் ஜனவரி 9) ஞாயிறன்று மக்கள் திருவுருவப் படங்களையும் மன்னரின் படங்களையும் ஏந்திக் குளிர்கால அரண்மனை நோக்கிச் சென்றனர். மன்னர் அங்கு இருக்கவில்லை. நார்வா வாயிலிலும் வேறு இடங்களிலும் படையினர் சுட்டனர். அரச கணக்கின்படி 130 பேர் இறந்தனர். உண்மைத் தொகை இதிலும் அதிகம் எனக் கருதப்படுகிறது. கப்போன் உயிர் தப்பினார்.

விளைவுகள்

மன்னர் நல்லவர், அதிகாரிகளே தீயவர் என்ற மக்களின் நீண்டகால நம்பிக்கை இத்துடன் தகர்ந்தது. அம்மாதத்தில் மட்டும் பேரரசெங்கும் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வேலைநிறுத்தம் செய்தனர். யூனில் பொத்தம்கின் போர்க்கப்பலில் கலகம் ஏற்பட்டது. ஒக்டோபர் பொது வேலைநிறுத்தத்தின் பின் மன்னர் நாடாளுமன்றம் அமைக்க உறுதியளித்தார்.

இச்சலுகையால் மிதவாதிகள் போராட்டத்திலிருந்து விலகினர். தனித்துவிடப்பட்ட மாஸ்கோ தொழிலாளரின் டிசம்பர் எழுச்சியை அரசு பீரங்கிகளால் நசுக்கியது. ஜனவரியில் போராட்டத்தை வளர்த்த அடக்குமுறை, எதிர்ப்பாளர் பிளவுபட்ட பின்னரே அதனை ஒடுக்க வல்லதாயிற்று.

இறப்பு

வெளிநாடு தப்பிச் சென்ற கப்போன் ஜெனீவாவில் லெனினைச் சந்தித்தார். 1905 இறுதியில் நாடு திரும்பி, காவல்துறையுடன் மீண்டும் தொடர்பு கொண்டார். இதனை அறிந்த சோசலிசப் புரட்சியாளர் கட்சியினர், தலைநகருக்கு அருகே ஒசெர்க்கியில் அவரைத் தூக்கிலிட்டுக் கொன்றனர். துப்பாக்கிச் சூட்டின்போது அவரைக் காப்பாற்றிய ரூத்தென்பேர்க் என்பவரே அவரை அங்கு அழைத்துச் சென்றார் என்பது குறிப்பிடத்தக்கது.