பிறரைத் தீர்ப்பிடுமுன் தம்மை விசாரித்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்)

 



இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் பெயரை அறியாதவர் நம்மில் இலர். ஜும்ஆ பயான்களில் அவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். நம் பிள்ளைகளுக்கு அப்பெயரைச் சூட்டி மகிழ்கிறோம். ‘ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்’, அதாவது இஸ்லாத்தின் ஆதாரம், என்ற பட்டத்தால் உலகம் அவர்களை அழைக்கிறது. வாதத்தில் எதிரிகளை வென்ற மேதையாகவே பலரும் அவர்களை நினைவுகூர்கிறார்கள். ஆனால் அவர்களுடைய வாழ்வின் பெரும் திருப்பம், தம் உள்ளத்திலேயே முகஸ்துதி குடியிருப்பதைக் கண்டு அவர்கள் நடுங்கிய நாளில் நேர்ந்தது. தம் நெஞ்சை அவ்வாறு விசாரித்தவர், பிறர் நெஞ்சைப் பற்றித் தீர்ப்புக் கூற எவ்வளவு தயங்கினார் என்பதை நாம் அறிய வேண்டும்.

ரொட்டிக்காகத் தொடங்கிய கல்வி

ஹிஜ்ரி 450-ல் (கி.பி. 1058) குராஸானின் தூஸ் நகரில் இமாமவர்கள் பிறந்தார்கள். இன்றைய ஈரான் நாட்டின் மஷ்ஹத் நகருக்கு அருகில் அவ்வூர் இருந்தது. தந்தையார் கம்பளி நூற்று விற்றுப் பிழைத்த ஏழை. ஆலிம்களின் சபைகளில் அமர்ந்து கண்ணீர் சிந்துபவர். இறக்கும் தறுவாயில், முஹம்மது, அஹ்மது என்னும் தம் இரு பிள்ளைகளையும், கையிலிருந்த சிறு தொகையையும் ஸூஃபியான தம் நண்பரிடம் ஒப்படைத்துச் சென்றார். தொகை தீர்ந்தது. அந்த நண்பரும் ஏழையே. ஆதலால் மாணவர்களுக்கு உணவளிக்கும் மத்ரஸாவில் சேர்ந்துகொள்ளுமாறு சிறுவர்களுக்கு வழி காட்டினார். தாம் கல்வியைத் தேடிச் சென்றது அல்லாஹ்வுக்காக அன்று, வயிற்றுக்காகவே என்று இமாமவர்கள் பிற்காலத்தில் மறைக்காமல் ஒப்புக்கொண்டார்கள்.

தூஸிலும் ஜுர்ஜானிலும் பயின்ற பின்னர், நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனீ (ரஹ்) அவர்களிடம் ஓதினார்கள். ஜுர்ஜானிலிருந்து ஊர் திரும்புகையில் கொள்ளையர் வழிமறித்துப் பொருள்களைப் பறித்ததாக ஒரு செய்தி உண்டு. பாடக் குறிப்புகளையேனும் திருப்பித் தருமாறு இளைஞர் கெஞ்சினாராம். ஏடுகள் போனதும் போய்விடுகிற அறிவை அறிவென்று எப்படிச் சொல்வது என்று கொள்ளையர் தலைவன் ஏளனம் செய்து, குறிப்புகளைத் திருப்பிக் கொடுத்தானாம். அவன் வாயிலாக அல்லாஹ்வே தம்மை எச்சரித்ததாகக் கருதி, மூன்றாண்டுகள் முயன்று அவை அனைத்தையும் மனனம் செய்தார்களாம். திருடன் சொன்ன உண்மையையும் உண்மையென ஏற்கும் பண்பு அன்றே அவர்களிடம் இருந்தது.

பக்தாதின் உச்சியில்

ஹிஜ்ரி 478-ல் (கி.பி. 1085) ஆசிரியர் வஃபாத்தானார். பிறகு ஸல்ஜூக் பேரரசின் வஸீர் நிஜாமுல் முல்க்கின் அவையை இமாமவர்கள் அடைந்தார்கள். அங்கு நடந்த விவாதங்களில் அவர்களை வெல்வார் இல்லை. ஹிஜ்ரி 484-ல் (கி.பி. 1091) பக்தாதின் புகழ்பெற்ற நிஜாமிய்யா மத்ரஸாவின் தலைமை முதர்ரிஸாக நியமிக்கப்பட்டார்கள். அப்போது அவர்களுக்கு வயது 33 அளவே. 300 மாணவர்கள் அவர்களிடம் பாடம் கேட்டனர். நகருக்குள் அவர்கள் நுழைந்தபோது உடையும் வாகனமும் 500 தீனார் பெறுமென மதிப்பிட்டதாக ஃபகீஹ் ஒருவர் கூறியதை வரலாற்றாசிரியர் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) பதிந்துள்ளார்.

அக்காலத்தில் தத்துவவாதிகளின் கருத்துக்கள் மக்களிடையே பரவி இருந்தன. அவற்றை மறுக்க விரும்பிய இமாமவர்கள் உடனே எழுதுகோலை எடுத்துவிடவில்லை. பாடம் நடத்திய நேரம் போக எஞ்சிய பொழுதுகளில், ஈராண்டுக்குச் சற்றுக் குறைவான காலம் அந்நூல்களைத் தாமே பயின்றார்கள். மேலும் ஓராண்டு அவற்றைச் சிந்தித்தார்கள். பின்னர் அவர்களுடைய கருத்துக்களை ‘மகாஸிதுல் ஃபலாஸிஃபா’ என்னும் நூலில் தொகுத்தார்கள். அத்தொகுப்பு எத்துணை நேர்மையாக அமைந்ததென்றால், பிற்காலத்தில் லத்தீன் மொழியில் அதைப் படித்த ஐரோப்பியர், கஸ்ஸாலியும் ஒரு தத்துவவாதியே என்று எண்ணிவிட்டனர்! ஹிஜ்ரி 488-ன் தொடக்கத்தில் முடிவுற்ற ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’ என்ற மறுப்பு நூலிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. கிரகணம் எவ்வாறு நிகழ்கிறது என்பது போன்று கணக்கால் நிறுவப்பட்டவற்றை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர், மார்க்கத்துக்கே தீங்கிழைக்கிறார் என்பதே அது.

நாவு கட்டுண்ட நாள்

இத்தனை புகழுக்கிடையே அவர்களின் நெஞ்சில் ஒரு கேள்வி எழுந்தது. இந்தப் பாடமும் பயானும் யாருக்காக? ‘அல் முன்கிது மினள் ளலால்’ என்னும் தம் வரலாற்று நூலில் இதற்கு அவர்களே விடை எழுதியுள்ளார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, தம்மைத் தூண்டியது பதவி ஆசையும் புகழ் வேட்கையுமே எனக் கண்டார்கள்; சரிந்துகொண்டிருக்கும் கரையின் விளிம்பில் நிற்பதாக உணர்ந்தார்கள்.

ஹிஜ்ரி 488 ரஜப் மாதம் (கி.பி. 1095 ஜூலை) தொடங்கி ஏறத்தாழ ஆறு மாத காலம் போராட்டம் நீடித்தது. காலையில் எல்லாவற்றையும் துறக்கத் துணிவார்கள்; மாலையில் ஆசைகள் படையெடுத்து அத்துணிவைக் கலைத்துவிடும். இறுதியில் நாவு கட்டுண்டது. மாணவர் முன் அமர்ந்தால் ஒரு சொல்லும் வரவில்லை, உணவும் இறங்கவில்லை. இது உடல்நோயன்று, உள்ளத்தின் நோய் என்று கூறி மருத்துவர்கள் கைவிரித்தனர்.

துல்கஃதா மாதத்தில் பக்தாதை விட்டுப் புறப்பட்டார்கள். குடும்பத்தின் தேவைக்கானதை ஒதுக்கிவிட்டுச் செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். கலீஃபாவும் நண்பர்களும் தடுத்துவிடாதிருக்க, மக்காவுக்குச் செல்வதாக வெளியில் கூறிக்கொண்டு ஷாம் நாட்டுக்குச் சென்றதையும் அவர்களே எழுதியுள்ளார்கள். திமஷ்கின் பெரிய பள்ளிவாசலில், மினாராவின் மேலேறிக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பகல் முழுவதும் தனித்திருப்பார்கள். பின்னர் பைத்துல் முகத்தஸுக்கும், நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் அடங்கியுள்ள அல்கலீல் நகருக்கும் சென்றார்கள். ஹிஜ்ரி 489-ல் அந்த கப்ருக்கு முன் நின்று, அரசரின் பொருளைப் பெறுவதில்லை, அரசவைக்குச் செல்வதில்லை, வாதப்போரில் இறங்குவதில்லை என மூன்று உறுதிமொழிகள் எடுத்தார்கள். மூன்றாவதைக் கவனியுங்கள். வாதத்தில் வெல்ல முடியாதவர் வாதத்தைக் கைவிட்டால் வியப்பில்லை. எவராலும் வெல்ல முடியாதவர் கைவிட்டார்! ஹஜ்ஜை நிறைவேற்றிவிட்டு மீண்டும் பக்தாதுக்கு வந்தபோது, அவர்களின் உடை 15 கீராத் மட்டுமே பெறுமென அதே ஃபகீஹ் மதிப்பிட்டார்.

இஹ்யா காட்டும் கண்ணாடி

இக்காலத்தில் உருவானதே நான்கு பகுதிகளும் 40 பாடங்களும் கொண்ட ‘இஹ்யா உலூமித்தீன்’. அதில் முகஸ்துதிக்கும், தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் ‘குரூர்’ எனும் நோய்க்கும் தனித்தனிப் பாடங்கள் உள்ளன. ஆலிம், ஆபித், ஸூஃபி, செல்வந்தர் என எவரையும் இமாமவர்கள் விட்டுவைக்கவில்லை. பள்ளிவாசல் கட்டி அதில் தம் பெயரைப் பொறித்து வைப்பவர், பெயரைப் பொறிக்காமல் ஒரு தீனார் கொடுக்கச் சொன்னால் கொடுப்பாரா என்று கேட்கிறார்கள். அண்டை வீட்டார் பசித்திருக்கத் திரும்பத் திரும்ப ஹஜ்ஜுக்குச் செல்பவரையும் கண்டிக்கிறார்கள்.

வாதப்போர் வளர்க்கும் தீங்குகளை எண்ணிக் காட்டும் இடத்தில் பொறாமை, பெருமை, பிறர் குறையைத் துருவித் தேடுதல் ஆகியவற்றோடு நிஃபாக்கையும் சேர்த்துள்ளார்கள். எதிர்த்தரப்பாரைக் காணும்போது முகத்தில் புன்னகையும் அகத்தில் வெறுப்பும் இருத்தலே அந்த நயவஞ்சகம். வாதிப்பவர் தொலைந்த பொருளைத் தேடுபவர்போல் இருக்க வேண்டும். அது தம் கையில் கிடைத்தாலும் அடுத்தவர் கையில் கிடைத்தாலும் மகிழ வேண்டும் என்பது அவர்களின் நிபந்தனை.

தீர்ப்பிடத் தயங்கிய பேனா

இஹ்யாவை எல்லோரும் வரவேற்கவில்லை. முன்னோர் சொல்லாததைச் சொல்லிவிட்டார் என்று சிலர் இமாமவர்களையே குஃப்ரின் பக்கம் தள்ளினர். அதற்கு விடையாக எழுந்ததே ‘ஃபைஸலுத் தஃப்ரிகா’ என்ற சிறுநூல். தம் மத்ஹபுக்கோ, தாம் பின்பற்றும் இமாமுக்கோ மாறுபட்டவரைக் காஃபிர் என்பவர், சத்தியத்தை ஒரே மனிதரிடம் அடைத்து வைக்கிறார் என்று அதில் விளக்குகிறார்கள். கலிமாவை மொழிந்து, அதற்கு முரண்படாமல் தொழுகையில் கிப்லாவை முன்னோக்குபவரைப் பற்றி இயன்றவரை நாவைக் காத்துக்கொள்ளுமாறு அறிவுறுத்துகிறார்கள்.

முஸ்லிமல்லாதோரைப் பற்றியும் அந்நூல் பேசுகிறது. நபி (ஸல்) அவர்களின் பெயரையே கேள்விப்படாதோர் உளர். உண்மையான தன்மைகளோடு அறிந்தும் பிடிவாதமாக மறுத்தோர் உளர். சிறு வயது முதலே திரித்துக் கூறப்பட்ட செய்தியை மட்டும் கேட்டு வளர்ந்தோரும் உளர். முதல் வகையினருக்கும் மூன்றாம் வகையினருக்கும் மன்னிப்பு உண்டென்றும், தம் காலத்து ரோம நாட்டுக் கிறிஸ்தவர்களிலும் துருக்கியரிலும் பெரும்பாலோரை இறையருள் சூழும் என்றும் ஆதரவு வைத்தார்கள். முதலாம் சிலுவைப் போர் நிகழ்ந்து, ஹிஜ்ரி 492-ல் (கி.பி. 1099) பைத்துல் முகத்தஸ் கைவிட்டுப் போன தலைமுறையில் வாழ்ந்தவர் அவர் என்பதை மறவாதீர்கள்.

இமாமவர்கள் எல்லைகளே இல்லையென்று கூறியவரல்லர். உலகம் அநாதியானது என்பது உள்ளிட்ட மூன்று விஷயங்களில் தத்துவவாதிகள் மீது குஃப்ர் தீர்ப்பு அளித்தவர்களும் அவர்களே. பாத்தினிய்யாக்களைக் கடுமையாக மறுத்தும் எழுதினார்கள். ஆனால் அந்த எல்லையை ஆதாரத்தின் மீது வரைந்தார்கள். ஆத்திரத்தின் மீது வரையவில்லை.

இளமையில் செய்த பிழை ஒன்று அவர்களை இறுதிக் காலத்தில் தேடி வந்தது. ஷாஃபியீ மத்ஹபைச் சார்ந்த அவர்கள், ‘அல் மன்கூல்’ என்ற தம் ஆரம்ப கால நூலில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களைப் பற்றிக் கடுஞ்சொற்களை எழுதியிருந்தார்கள். எதிரிகள் அதனை எடுத்துக்கொண்டு குராஸானின் ஆட்சியாளர் ஸஞ்சரிடம் முறையிட்டனர். அவர் முன் விளக்கமளிக்க நேர்ந்தபோது, இமாமுல் அஃளம் அவர்களைப் பற்றிய தம் நம்பிக்கை இஹ்யாவில் தாம் புகழ்ந்து எழுதியதே என்று தெளிவுபடுத்தினார்கள். ஷாஃபியீகளும் ஹனஃபீகளும் அருகருகே வாழும் நம் தமிழகத்துக்கு இதில் பாடம் இல்லையா?

ஹிஜ்ரி 503-ல் (கி.பி. 1109) ஸ்பெயினின் குர்துபா நகரில், முராபித்தீன் ஆட்சியாளர் அலீ இப்னு யூஸுஃபின் காலத்தில், காளி இப்னு ஹம்தீனின் முனைப்பால் இஹ்யா தீயிலிடப்பட்டது. எரித்தவர்களும் மார்க்கத்தைக் காப்பதாகவே எண்ணினர். அந்த நூலோ உலகெங்கும் இன்றும் ஓதப்படுகிறது.

ஹிஜ்ரி 499-ல் (கி.பி. 1106) நைஸாபூரில் மீண்டும் சிலகாலம் பாடம் நடத்திய இமாமவர்கள், இறுதியில் தூஸுக்கே திரும்பினார்கள். அரசர்களின் குருவாக இருந்தவர், கடைசி நாட்களில் மாணவராக அமர்ந்து ஹதீஸ் கிதாபுகளை ஓதினார். ஹிஜ்ரி 505 ஜுமாதல் ஆகிர் 14, திங்கட்கிழமை (கி.பி. 1111 டிசம்பர் 18) அதிகாலையில் உளூச் செய்து தொழுதுவிட்டு, கஃபன் துணியைக் கேட்டு வாங்கி முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு, கிப்லாவை நோக்கிப் படுத்தவாறே இறைவனடி சேர்ந்ததாகச் சகோதரர் அஹ்மது (ரஹ்) அறிவித்துள்ளார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நமக்குரிய கேள்வி

அன்பிற்குரியோரே! இன்று ஊர்தோறும் கருத்து வேறுபாடுகள் உள்ளன. ஸலாமுக்குப் பதில் கூற மறுப்பதும், நிக்காஹ்வுக்கு வர மறுப்பதும், மையித்தை அடக்கக் கபரஸ்தானின் கதவைப் பூட்டுவதும் நம் சமுதாயத்தில் நிகழாதவை அல்ல. இன்னார் முஸ்லிமா இல்லையா என்ற கேள்வி இமாம்களிடம் எளிதாகக் கேட்கப்படுகிறது. மிம்பரில் நிற்கும் என் போன்றோரே முதலில் கஸ்ஸாலி இமாமின் கேள்வியைத் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தக் கண்டனம் அல்லாஹ்வுக்காகவா, கூட்டத்தின் பாராட்டுக்காகவா?

இம்மலரின் பின்பக்கங்களில் நன்கொடையாளர் பட்டியல் இருக்கும். கணக்கு ஒளிவுமறைவின்றி இருக்க அது தேவை. அதில் தம் பெயர் எந்த இடத்தில் உள்ளதென்று தேடும் வேளையில், ஒவ்வொருவரும் இஹ்யாவின் அந்த ஒரு தீனாரை நினைத்துக்கொள்வோமாக.

நம் அண்டை வீட்டு மாற்றுமதச் சகோதரர்கள் கிதாபுகளைப் படித்து இஸ்லாத்தை அறிவதில்லை. நம் கடைத் தராசிலும், கொடுத்த வாக்கிலுமே அதனை அறிகிறார்கள். தொழுகைத் தழும்பு நெற்றியிலும், பொய் நாவிலும் இருக்குமானால், நபி (ஸல்) அவர்களின் செய்தியைத் திரித்து அவர்களிடம் சேர்ப்பவர் வேறு யாருமல்லர், நாமே. அவர்களுக்கு மன்னிப்பு உண்டென்று இமாமவர்கள் ஆதரவு வைத்தார்கள். திரித்தவருக்கு என்ன பதில் இருக்கிறது?

யா அல்லாஹ்! எங்கள் அமல்களில் இக்லாஸையும், எங்கள் நாவுகளில் பேணுதலையும், மாறுபட்டோரிடம் நீதியையும் தந்தருள்வாயாக! ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் அவர்களின் அந்தஸ்தை உயர்த்துவாயாக! எங்கள் ஜமாஅத்தைப் பிளவிலிருந்து காப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.