குழந்தை சிரப்பில் மார்ஃபின்... லேபிளில் உண்மையைப் போட வைத்த ஹார்வி வைலி யார்?

அசல் வலி மாத்திரை போலவே தயாரித்து, உள்ளே ஃபென்டனிலைக் கலந்து விற்கும் கும்பல்களைப் பிடிக்க அமெரிக்கா இன்று சட்டத்துக்கு மேல் சட்டம் போடுகிறது. வெறும் 2 மில்லிகிராம் ஃபென்டனில்கூட உயிரை எடுத்துவிடலாம். ஆனால், மருந்துக்குள் என்ன இருக்குன்னே தெரியாமல் விழுங்குவது அந்த நாட்டுக்குப் புதுசு இல்லை. 1906-லேயே இதற்குக் கடிவாளம் போட வைத்தவர் ஹார்வி வைலி.

1844-ல் இண்டியானா மாகாணத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். டாக்டருக்குப் படித்தாலும் மனசு வேதியியலில். பர்டூ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தபோது சைக்கிள் ஓட்டியதற்காக நிர்வாகத்திடம் திட்டு வாங்கினார். ஒரு பேராசிரியர் சைக்கிளில் போகலாமா என்பதுதான் அவர்கள் கவலை! 1883-ல் அமெரிக்க வேளாண் துறையின் தலைமை வேதியியலாளர் ஆனார்.

அந்தக் காலத்தில் மருந்து பாட்டிலில் என்ன கலந்திருக்குன்னு சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. பல் முளைக்கும்போது அழும் குழந்தைக்குக் கொடுத்த 'மிஸஸ் வின்ஸ்லோஸ்' சிரப்பில் இருந்தது மார்ஃபின். குழந்தைகள் உடனே தூங்கின. சில குழந்தைகள் எழுந்திருக்கவே இல்லை.

வைலி முதலில் கையில் எடுத்தது உணவுக் கலப்படத்தை. 1902-ல் 12 இளைஞர்களுக்கு போராக்ஸ் கலந்த சாப்பாடு போட்டு சோதித்தார். இன்றைக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள். ஆனால் பத்திரிகைகளில் ஒரே பரபரப்பு. பெண்கள் அமைப்புகளும் அவர் பக்கம் நிற்க, 1906 ஜூன் 30-ல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் உணவு, மருந்துச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மார்ஃபின், ஓபியம், கோகைன், ஹெராயின், கஞ்சா இருந்தால் லேபிளில் அளவோடு போட வேண்டும். விற்கத் தடை கிடையாது. சொல்லிவிட்டு விற்கலாம், அவ்வளவுதான்.

1908-ல் தலைவலி மருந்து ஒன்று சிக்கியது. ஆபத்தே இல்லை என்றது லேபிள். உள்ளே இருந்ததோ இதயத்தைப் பாதிக்கும் அசிட்டனிலைடு. அதை விற்றுப் பெரும் பணம் பார்த்தவருக்கு அபராதம் 700 டாலர்!

அடுத்த அடி 1911-ல். புற்றுநோயைக் குணமாக்கும் என்று பொய் சொல்லி விற்ற வழக்கில், உள்ளே இருக்கும் பொருளைப் பற்றிய பொய்யை மட்டுமே இந்தச் சட்டம் தடுக்கும் என்றது உச்ச நீதிமன்றம். 1912-ல் இந்த ஓட்டையை அடைக்கத் திருத்தம் வந்தது. ஆனால் அதற்குள் மேலிடத்துடன் மோதி மோதி வெறுத்துப்போன வைலி வேலையை விட்டிருந்தார். பிறகு 'குட் ஹவுஸ்கீப்பிங்' பத்திரிகையின் ஆய்வகத்தில் பொருட்களைப் பரிசோதித்தார்.

1930-ல் வைலி காலமானார். அன்றும் தேதி ஜூன் 30.