அண்மையும் சேய்மையும் ஒருங்கு காட்டிய கிறெக் டோலண்ட்

ஓவியன் தான் வேண்டியதைத் தீட்டுவான், வேண்டாததை விடுவான். கமராவை ஆள்வோனுக்கு அவ்வுரிமை இல்லை, வில்லை காட்டியதே படமாம் என்று கருதுவார் பலர். அவ்வில்லையையே தம் கருத்துக்கு ஏவல் கொண்ட கலைஞர் கிறெக் டோலண்ட்.

அமெரிக்காவின் இலினோய் மாநிலத்துச் சார்ள்ஸ்ரன் நகரில் 1904 மே 29இல் இவர் பிறந்தார். பதினைந்து வயதளவில் படமனையொன்றில் ஏவற் சிறுவனாய்ப் புகுந்து, கமரா உதவியாளராகிப் படிப்படியே உயர்ந்தார். தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வினிடம் நெடுங்காலம் பணியாற்றினார். 'வதறிங் ஹைற்ஸ்' என்னும் படத்தின் ஒளிப்பதிவு, 1939ஆம் ஆண்டுக்குரிய ஒஸ்கார் பரிசை இவருக்கு ஈட்டித் தந்தது.

புகழ் பெற்றோர் பழகிய வழியிலேயே நடத்தல் இயல்பு. டோலண்டோ, முழுநீளப் படமெதனையும் அதற்குமுன் எடுத்தறியாத இருபத்தைந்து வயது இளைஞர் ஓர்சன் வெல்ஸைத் தாமே நாடிச் சென்றார். வழக்கத்துக்கு அடிமையாகாதவனிடமே புதுமைக்கு இடமுண்டென்று அவர் கண்டார் போலும். அக்கூட்டுறவின் பயன் 1941இல் வெளிவந்த 'சிற்றிசன் கேன்'.

அப்படத்தில் அவர் பெரிதும் ஆண்டது 24 மில்லிமீற்றர் அகல்கோண வில்லை. குவியத்தூரம் குறையக் குறைய வில்லை தழுவும் பரப்பு விரியும். துளையையும் சிறிதாக்கினால் அருகும் தொலைவும் ஒருங்கே தெளியும். ஆயின் சிறுதுளைக்குப் பேரொளி வேண்டும். அதன்பொருட்டு வலிய வில்விளக்குகளையும், விரைவில் ஒளியேற்கும் பிலிமையும், ஒளிச்சிதறலைக் குறைக்கும் பூச்சுப் பூசிய வில்லைகளையும் துணைக்கொண்டார். கமராவைத் தாழ வைத்து மேல்நோக்கியபோது கூரையும் காட்சியிற் புகுந்தது. எனவே அரங்குகளுக்குத் துணியாற் கூரை அமைத்தனர். வில்லையால் இயலாதவிடத்து, ஒரே பிலிமில் இருமுறை பதித்தும் ஆழத்தை உண்டாக்கினர்.

அகல்கோண வில்லைக்கு ஒரு குணமுண்டு: அண்மையிலுள்ளதைப் பெருக்கும், சேய்மையிலுள்ளதைச் சுருக்கும். முன்னிடம் வெறிதாயின் படமும் வெறிதாகும். டோலண்ட் இதனைப் பொருளாக்கினார். முன்னே தாய் மகனைப் பிறர்பொறுப்பில் விடும் பத்திரத்திற் கையொப்பமிடுகிறாள். பின்னே பலகணிக்கப்பால், ஏதுமறியாச் சிறுவன் பனியில் விளையாடுகிறான். அவன் வாழ்வு மாறுவதையும் அவன் அறியாமையையும் ஒரே சட்டகத்திற் காண்கிறோம். இதனை வேறொரு காட்சியாக வெட்டிக் காட்டியிருந்தால் இத்துயரம் பிறந்திராது.

ஒளிப்பதிவுக்கான ஒஸ்கார் பரிசு அவ்வாண்டு வேறொரு படத்துக்குச் சென்றது. எனினும் வெல்ஸ், தம் பெயர் தோன்றும் அதே அட்டையில் டோலண்டின் பெயரையும் பொறித்தார். பரிசினும் பெரிது அச்சிறப்பு.

வில்லியம் வைலரின் 'த பெஸ்ற் இயேர்ஸ் ஒஃவ் அவர் லைவ்ஸ்' (1946) படத்தில் இக்கலை மேலும் அடங்கி முதிர்ந்தது. முன்னே பியானோ இசை. பின்னே, தொலைபேசிக் கூண்டினுள் ஒரு காதல் முறிகிறது. நடுவே நின்று நோக்குபவரின் கண்வழியே நாமும் அதனை உணர்கிறோம். வியப்பூட்டும் கோணம் அங்கில்லை, பொருளே முன்நிற்கிறது.

1948 செப்டெம்பர் 28இல், நாற்பத்துநான்காம் வயதில், மாரடைப்பால் டோலண்ட் மறைந்தார். அகன்ற வில்லையை இன்று எவரும் எளிதிற் பெறலாம். அகலக் காண்பது கருவியின் தொழில். எதனை அருகே வைப்பது, எதனைத் தொலைவில் நிறுத்துவது என்று தெளிவது மனிதனின் தொழில். இளங்கலைஞர் அவர் வாழ்விற் கற்கத்தக்கது இதுவே.