மண்ணை வீசிய மாணவன் கல்லூரி கட்டிய கதை

ஓமலூரில் எந்தக் கிணற்று மேட்டிலும் ஒரு மோட்டார் ஓடுது. இந்தியாவின் முதல் மின்மோட்டார் எங்கே தயாரானது தெரியுமா? நம்ம பக்கத்துக் கோவை பீளமேட்டில்! 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து அதைச் செய்தவர் ஜி.டி. நாயுடு.

இவர் 23.3.1893 அன்று கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார். படிப்பில் நாட்டமில்லை. ஆசிரியர் முகத்தில் மண்ணை வீசிவிட்டு ஓடியதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டார்! (யாரும் இதைப் பின்பற்ற வேண்டாம்!)

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஊருக்கு வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி எப்படி ஓடுது? அந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். காசு சேர்த்து அதே வண்டியை வாங்கினார். ஓட்டிக் காட்டவா வாங்கினார்? இல்லை! அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார், திரும்ப மாட்டினார். அதுதான் அவருடைய பள்ளிக்கூடம்.

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ் விட்டார். அவரே டிரைவர். அது யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

பள்ளியை விட்டு ஓடியவர் 1945-ல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கக் காரணமானார். சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜி.சி.டி.) அதுதான். நாலு வருஷப் படிப்பு வீண், கருவியைக் கையில் கொடுத்தால் இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கருத்து. அரசு ஏற்கவில்லை. பதவியைத் தூக்கி எறிந்தார், கருத்தை விடவில்லை. 4.1.1974 அன்று மறைந்தார்.

நண்பர்களே! தொழிற்கல்வி குரூப் எடுத்தவனை மார்க் கம்மி என்று கிண்டல் செய்கிறோமே, அது சரியா? நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுபவர்கள், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள், நம்ம ஊர் லேத் பட்டறை அண்ணன்கள் எல்லாம் கையால் படித்தவர்கள்தானே? ஃபியூஸ் போனால் எலக்ட்ரீசியனுக்குக் காத்திருக்கும் நாம், மின்சாரப் பாடத்தில் சென்டம் வாங்கி என்ன பயன்?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. பாடமும் படிப்போம், ஸ்பேனரும் பிடிப்போம்!