தேன்கூடு கட்டிய வில்ஹெல்ம் மைபாக்

இயந்திரவியல் பயிலும் நண்பர்களுக்கு 'வெப்பமாற்றி' என்றவுடன் தேர்வுத்தாள்தான் நினைவுக்கு வரும். மற்றத் துறை நண்பர்களுக்கு அந்தச் சொல்லே புதிதாக இருக்கலாம். ஆனால் ஒரு வெப்பமாற்றியைப் பார்க்காதவர் நம்மில் எவரும் இல்லை. பழைய காரில் மலையேறும்போது பாதி வழியில் ஆவி கிளம்பி, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பா சாலையோரம் நின்றாரே, அன்று நம்மைக் கைவிட்ட ரேடியேட்டர்தான் அது. அதற்கு முறையான வடிவம் கொடுத்தவரின் பெயர் இன்று பெரும் செல்வந்தர்கள் வாங்கும் ஒரு காரின் பெயராக மட்டுமே பலருக்குத் தெரியும்.

வில்ஹெல்ம் மைபாக் 1846ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் ஜெர்மனியின் ஹைல்புரோன் நகரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். பத்து வயதிற்குள் தாய் தந்தை இருவரையும் இழந்துவிட்டார். ராய்ட்லிங்கன் என்ற ஊரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக நடத்தப்பட்ட இல்லம் அவரை ஏற்றுக்கொண்டது. அந்த இல்லத்திற்கென்று சொந்தமாக ஓர் இயந்திரத் தொழிற்சாலையும் இருந்தது. சிறுவனின் கை வரைபடத்தில் நன்றாக ஓடியதால் அங்கேயே வரைவாளர் பயிற்சி கிடைத்தது. பல்கலைக்கழகப் படிக்கட்டை மிதிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

அந்தத் தொழிற்சாலையை நிர்வகிக்க வந்தவர் கோட்லீப் டைம்லர். மைபாக்கைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். பதின்ம வயது இளைஞனின் திறமையை அவர் உடனே கண்டுகொண்டார். அதன்பின் டைம்லர் எங்கே போனாலும் மைபாக்கும் உடன் போனார்: முதலில் கார்ல்ஸ்ரூ, பிறகு 1872இல் டாய்ட்ஸ். 1882இல் இருவரும் வேலையை விட்டுவிட்டு, கான்ஸ்டாட்டில் டைம்லர் வாங்கிய வீட்டுத் தோட்டத்துக் கண்ணாடிக் குடிலைப் பட்டறையாக்கிக்கொண்டனர். இரவு பகலாக உலோகச் சத்தம் கேட்கவே, உள்ளே கள்ளப் பணம் அடிக்கிறார்கள் என்று ஐயுற்ற தோட்டக்காரர் காவல் துறைக்குத் தகவல் கொடுத்தாராம். சோதனையிட வந்தவர்கள் கண்டதெல்லாம் இயந்திரப் பாகங்கள்தாம். 1885இல் இரு சக்கர வண்டியில் பெட்ரோல் இயந்திரத்தைப் பொருத்தி ஓட்டிக் காட்டியது அந்தப் பட்டறை.

இயந்திரம் ஓடியது, ஆனால் கொதித்தது. உள்ளே எரியும் எரிபொருளின் வெப்பத்தில் ஒரு பகுதிதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மீதியில் பெரும்பங்கைப் புகைக்குழாயும் குளிர்நீரும் சுமந்து செல்ல வேண்டும். சூடேறிய நீரை எங்கே கொண்டுபோய் ஆற்றுவது? 1889இல் செய்த வண்டியில் மைபாக் அதன் சட்டக் குழாய்களுக்குள்ளேயே நீரை ஓடவிட்டார். சிறிய இயந்திரத்திற்கு அது போதும். குதிரைத்திறன் கூடக் கூட, நீரையும் கூட்ட வேண்டியிருந்தது. நீர் கூடினால் பாரம் கூடும். பாரம் கூடினால் இன்னும் பெரிய இயந்திரம் வேண்டும்.

இதற்கிடையில் அவர் வாழ்விலும் சிக்கல். 1890இல் டைம்லர் நிறுவனம் பங்குதாரர்களின் கைக்குப் போனது. அவர்கள் தந்த ஒப்பந்தத்தை ஏற்க மறுத்து 1891இல் மைபாக் வெளியேறினார். டைம்லரின் ஆதரவோடு, மூடிக் கிடந்த ஒரு விடுதிக் கூடத்தில் வேலையைத் தொடர்ந்தார். 1895இல் நிறுவனம் இருவரையும் மீண்டும் அழைத்துக்கொண்டது.

1897இல் அவர் ஒரு குழாய் ரேடியேட்டரை உருவாக்கினார். நீர்த்தொட்டி ஒன்றின் குறுக்கே வட்டக் குழாய்கள் பல; குழாய்க்குள் காற்று, வெளியே நீர். நல்ல யோசனைதான். ஆனால் வட்டங்களை அடுக்கினால் நடுவில் சமமற்ற இடைவெளிகள் விழும். நீர் சோம்பேறி, எங்கே வழி அகலமோ அங்கேதான் ஓடும். அகன்ற இடைவெளியில் பாயும் நீர் சரியாகக் குளிராமலே திரும்பும். குறுகிய இடத்தில் நீர் தேங்கி, அங்குள்ள உலோகப் பரப்பு வீணாகும். மொத்தப் பரப்பு எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அந்தப் பரப்பு முழுவதற்கும் நீர் சமமாகப் போய்ச் சேர்கிறதா என்பது வேறு கேள்வி. இரண்டாவதை மறந்துவிட்டு முதலாவதை மட்டும் கணக்கிட்டு மதிப்பெண் இழந்த அனுபவம் அடியேனுக்கு உண்டு.

1900ஆம் ஆண்டு மார்ச் மாதம் டைம்லர் மறைந்தார். அடுத்த மாதமே எமில் யெல்லினெக் என்ற வணிகர், வேகமும் உறுதியும் கொண்ட முற்றிலும் புதிய கார்கள் 36 வேண்டும் என்று பேரம் பேசினார். துணையை இழந்த மைபாக்கிற்குக் கிடைத்த அவகாசம் சில மாதங்களே. அப்போது பிறந்ததுதான் தேன்கூட்டு ரேடியேட்டர். வட்டக் குழாய்களுக்குப் பதிலாகச் சதுரக் குழாய்கள், ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டருக்கு 6 மில்லிமீட்டர், மொத்தம் 8,070. சதுரத்தின் பக்கத்தில் சதுரத்தை வைத்தால் இடைவெளி எங்கும் ஒரே அளவாக, மெல்லியதாக அமையும். நீர் ஒரு மெல்லிய படலமாகப் பரவி எல்லாக் குழாய்களையும் தொட்டுச் செல்லும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குழாய் வாய்களின் பரப்பு எல்லாம் சேர்த்தால் 0.3 சதுர மீட்டருக்கும் குறைவு. ஆனால் ஒரு குழாயின் நான்கு பக்கமும் சேர்ந்து 24 மில்லிமீட்டர் என்பதால், ஒவ்வொரு சென்டிமீட்டர் ஆழத்திற்கும் காற்றுபடும் பரப்பு ஏறத்தாழ 1.9 சதுர மீட்டர்! 35 குதிரைத்திறன் இயந்திரத்திற்கு 9 லிட்டர் நீர் போதுமானதாயிற்று. முன்பு தேவைப்பட்டதில் பாதிதான். வண்டி மெதுவாகச் செல்லும்போதும் காற்று பாய்வதற்குப் பின்னால் ஒரு விசிறி வைத்தார். இதற்கு விலையும் இருந்தது. ஆயிரக்கணக்கான முனைகளைப் பற்றவைப்பது எளிய வேலையன்று.

1901 மார்ச்சில் பிரான்சின் நீஸ் நகரப் பந்தயங்களில் அந்தக் கார் மற்ற கார்களைப் பின்னுக்குத் தள்ளியது. காரின் பெயர் யெல்லினெக்கின் மகள் பெயர்: மெர்சிடிஸ். தொழிற்சாலையின் பெயர் டைம்லர். வடிவமைத்தவரின் பெயர் எங்கும் இல்லை. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் நிறுவனத்திற்குள் அவர் ஓரங்கட்டப்பட்டார். 1907இல் கசப்போடு வெளியேறினார். டைம்லர் உயிரோடு இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு ஆண்டுகள் கழித்து செப்பலின் பிரபுவோடு சேர்ந்து, வான்கப்பல் இயந்திரங்களுக்கான நிறுவனத்தைத் தொடங்கிவைத்தார். அதை நடத்தியவர் மகன் கார்ல். 1921 முதல் 'மைபாக்' என்ற பெயரோடு கார்கள் வந்ததும் அந்த மகனால்தான்.

1929ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் ஸ்டுட்கார்ட்டில் மைபாக் மறைந்தார். கான்ஸ்டாட்டில் டைம்லர் துயிலும் அதே கல்லறைத் தோட்டத்தில்தான் அவரையும் அடக்கம் செய்தார்கள்.